மீனெண்ணெ பூசுன பத்மினி

கருங்கல் சந்தையில எறங்கி ஜெபகனின்னு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. டிரைவிங் ஸ்கூல் ஜெபா டீச்சருன்னு கேட்டுப் பாருங்க, சாயா குடிச்சிட்டு இருக்கவன் கிளாச வச்சிட்டு எந்திச்சு வழி சொல்லுவான். அவனும் அவகிட்ட ஏச்சு வாங்குன ஆளுதான். அந்தப் பக்கத்துல இருந்து வெளிநாட்டுக்கு நர்சு வேலைக்குப் போன பிள்ளைய பாதியும், பென்சன் வாங்குன பெறவு கார் வாங்குன வாத்தியாருமாரு முக்காவாசியும், ரெண்டு மூணு போதகருமாரும் அவளுக்க பக்கத்துல இருந்துதான் ஸ்டியரிங்கப் பிடிச்சது. போதகராச்சேன்னு ஏச்சக் கொறைச்சதும் கெடையாது. "பாஸ்டரே, மேல பாத்தது போரும், கொஞ்சம் முன்னால பாருங்க"ன்னு சொன்னவ அவ.

ஓட்டுத காரியத்துல அவள அடிக்க ஆளில்ல. தலையில குத்தியிருக்க பின்னவிட கொஞ்சம் அகலமான சந்து கெடச்சாப் போரும், காரைத் திருப்பிருவா. எதுத்தாப்புல மணல் லாரி வந்தாலும் லாரிக்காரன்தான் பின்னால போவணும். ஆனா பானட்டத் தொறந்தா கதை முடிஞ்சுது. அவளுக்கு அது அடுத்த வீட்டு அடுக்களை மாதிரி. எட்டிப் பாக்கலாம், கரண்டியத் தொடப்பிடாது.

ஸ்கூல் மொதலாளி ஒரு சட்டம் போட்டிருந்தாரு. வண்டி எங்க நின்னாலும் ஒர்க்‌ஷாப்பு எபிசனுக்குப் போன் போடணும், வேற ஒண்ணும் செய்யாண்டாம். எபிசன் திங்கள்நகர் ரோட்டுல ஒர்க்‌ஷாப்பு வச்சிருக்க பய. ஜெபகனியவிட ரொம்ப எளையவன், நல்ல வேலைக்காரன். போன வைக்கதுக்கு முன்ன பைக்குல வந்து நிப்பான். அவனுக்கு ஒரே ஒரு கொணம், வண்டிக்கு என்ன கேடுன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டான். தொறந்தா வாயில இருக்க ஸ்குரூ கீழ விழுந்துரும்போல.

ஒருநாளு களியக்காவிளை பக்கம், நடு ஹைவேயில, வண்டி நின்னு போச்சு. லண்டன் போவப்போற ஒரு நர்சுப் பிள்ளை ஸ்டியரிங்குல இருந்துது. நம்ம ஊருல ஒரு கார் பானட்ட தொறந்துட்டு நின்னா என்ன நடக்கும்னு தெரியுமில்லா. வாழக்கொல ஏத்திட்டுப் போனவன் கொலைய எறக்கி வச்சிட்டு வந்தான். மீன்காரன் வந்தான். கல்யாணத்துக்குப் போன ஒரு குடும்பத்து ஆம்பிளைய மொத்தமும் எறங்கி வந்தாவ, பெண்ணு மாப்பிளைக்கு மோதிரம் போடுததுக்குள்ள போயிச் சேந்தாவளோ என்னமோ. எல்லாத் தலையும் பானட்டுக்குள்ள. ஜெபகனி எட்டிப் பாத்தா முதுகுதான் தெரியுது. எபிசன் வந்து என்னமோ ஒண்ண கழத்தி அழிச்சு, ஊதி, பூட்டுனான். அவ ஒண்ணும் வெளையாட்டுக்குக் கேக்கல, படிக்கணும்னு நெனச்சே கேட்டா, என்ன கேடு மக்கான்னு.

"அத சொன்னா ஒங்களுக்கு வெளங்குமாக்கா? வெயிலு கொள்ளாண்டாம், அன்னா அந்த மரத்து நெழல்ல போயி இரிங்க."

அவன் மரியாதைக்குச் சொன்னதுதான். ஆனா அந்த நர்சுப் பிள்ளை சிரிச்சுது. அவ நெழல்ல போயி இருந்தா. இருந்த எடத்துலயே தீர்மானிச்சா.

அன்னைக்குச் சாயந்தரம் புருசன்கிட்ட சொன்னா. ஒரு பழைய கார் வாங்கணும். ஒரு நட்டு பாக்கியில்லாம தன் கையாலயே அழிக்கணும், தன் கையாலயே பூட்டணும், தானே ஓட்டிட்டுப் போவணும். எடையில ஒரு ஆம்பிளை கையில ஸ்பேனர் போனா அன்னைக்கே அது தோத்த கணக்கு. புதுசு வாங்கப்பிடாதான்னு புருசன் கேட்டதுக்கு, புது வண்டியத் தொறந்தா ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கு, அதத் தொறந்தா இன்னொரு மூடி இருக்கு, அதுக்குள்ள ஒரு பெட்டி இருக்கு, அதத் தொறக்கணும்னா கம்ப்யூட்டரு வேணும், வெங்காயத்த உரிச்ச கணக்கா கண்ணீருதான் மிச்சம்னு சொன்னா.

புருசன் பேரு எட்சன். சொந்தமா கொஞ்சம் ரப்பர் மரம் இருக்கு. காலம்பற பாலு எடுப்பான், ஷீட்டு அடிப்பான், வீட்டுக்குப் பின்னால இருக்க புகைப்புரையில கம்புல தொங்க விட்டு தேங்காத் தொண்டு போட்டு புகைப்பான். பழைய மாட்டுத் தொழுத்தத்தான் புகைப்புரையா ஆக்கியிருந்தாவ, அதனால எடம் தாராளம். பேச்சு அவனுக்குக் கொஞ்சமாத்தான் வரும், வந்தா அதுல பாதி குத்தலா இருக்கும்.

"ஏட்டி, மழைக்கு ரப்பர் வெட்டு நிக்கும். வெட்டு தொடங்குத வரை புகைப்புரை ஒனக்கு. மழை விட்டு வெட்டு தொடங்குன அன்னைக்கு என் ஷீட்டு உள்ள ஏறணும். ஒன் வண்டி அதுக்க சொந்தக் காலுல வெளிய போவணும். போவலன்னா ஆக்கர்காரன வரச் சொல்லுவேன், எடைக்குப் போட்டுட்டு பேரீச்சம்பழம் வாங்கித் திம்போம்."

அவளும் செரின்னா. அப்பம் மே மாசம்.

பொறவு தொடங்குச்சு கார் தேடுத படலம். அவளுக்கு வாத்தியாரு போனுல வார ஒரு மலையாளத்து ஆளு. பழைய வண்டிய எப்படி பாத்து வாங்கணும்னு அவன் வீடியோ போடுவான், இவ சோறு பொங்கும்போ பாப்பா. இரும்பு துருத்துப் போன எடத்துல மாவ அப்பி பெயிண்ட் அடிச்சிருப்பாவ, காந்தம் வச்சுப் பாத்தா காட்டிக் குடுத்துரும்னு அவன் சொன்னான். இவ சின்னக் காந்தம் எல்லாம் தேடல. சபையில கெட்டுப்போன மைக்செட்டு ஸ்பீக்கர் கெடந்துது, அதுக்க காந்தத்தக் கழத்தி பையில போட்டா. அது என்ன சாதாரணக் காந்தமா? பஸ்ஸுல போவும்போ பக்கத்துல இருந்தவனுக்க டிபன்பாக்ஸ் வந்து பையில ஒட்டிச்சுன்னு சொன்னா நம்பணும்.

மொதல்ல போனது களியக்காவிளை. புரோக்கர் ஒருத்தன் வெள்ளை கான்டஸா காட்டுனான். கல்யாண மாப்பிளை கணக்கா மினுங்குது, கண்ணாடி பாத்து பவுடர் போடலாம். ஜெபகனி காந்தத்த எடுத்து கதவுல வச்சா. சர்ருன்னு வழுக்கிக் கீழ விழுந்துச்சு. முன்னால வச்சா, விழுந்துச்சு. பின்னால வச்சா, விழுந்துச்சு. ஒங்க காந்தம் செத்துப் போச்சு டீச்சரேன்னு புரோக்கர் சொன்னான். அவ அத அவனுக்க ஸ்கூட்டர்ல கொண்டு வச்சா. அத பிச்சு எடுக்கதுக்கு ரெண்டு ஆளு வேண்டி வந்துச்சு. மாவுல கார் செஞ்சு பெயிண்ட் அடிச்சிருக்கான் பாவி, நல்ல மழை பெஞ்சா தோசை ஊத்தலாம்.

அடுத்தது மயிலாடி. சிற்பப் பட்டறை ஒண்ணுல அம்பாசடர் நிக்குதுன்னு கேட்டுப் போனா. கார் நின்னுது, செரிதான், ஆனா கார்னு கண்டுபிடிக்கதுக்கே கொஞ்ச நேரம் ஆச்சு. சுத்திவர பாதி கொத்துன சாமிமாரு நிக்காவ, கல்லுப்பொடி எல்லாத்து மேலயும் மூடிக் கெடக்கு, இதுவும் ஒரு சாமியாக்கும்னு அவ நெனச்சா. தட்டிப் பாத்தா இரும்பு. நல்ல இரும்பு, காந்தம் நச்சுன்னு ஒட்டிச்சு. கருங்கல்லு ஏத்தி ஏத்தி பின்னால ஸ்பிரிங்கு அமுங்கி, மூக்க வானத்துக்குத் தூக்கிட்டு நிக்குது. பானட்டத் தொறந்தா உள்ள ஒரு கோழி அடைகாக்குது. எஞ்சின் எங்கன்னு கேட்டா, அது போயி வருசங்கள் ஆச்சுன்னு சொன்னாரு பட்டறைக்காரரு. எஞ்சின் இல்லாம நான் என்னத்தப் படிக்கன்னு அவ கேட்டதுக்கு, அந்த மனுசன் உளியக் கையில வச்சுகிட்டே ரொம்ப மரியாதையாட்டு, அளவு மட்டும் சொல்லும்மா, கல்லுல கொத்தித் தாறேன்னாரு. அவ சிரிச்சிட்டு கோழிய எழுப்பாம பானட்ட மூடிட்டு வந்தா.

மூணாவது ஒரு பழைய பத்மினி கார். மணவாளக்குறிச்சிக்கு அங்க, கடலோரத்துல, சூசைன்னு ஒரு வள்ளக்காரருக்க வீட்டுல நிக்குதுன்னு டிரைவிங் படிக்க வந்த ஒரு பையன் சொன்னான். கேட்டவங்க எல்லாரும் போவாண்டாம்னாவ. கடக்காத்து பட்ட இரும்பு அப்பளம்டி, தொட்டா நொறுங்கும்னு எட்சன் சொன்னான். மலையாளத்து வீடியோக்காரனும் அதத்தான் சொன்னான். பஸ்ஸு காசு போனாலும் போவுதுன்னு அவ போனா.

தெருமுனையில எறங்கும்போதே நாத்தம் வந்து கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போச்சு. வழி கேக்க வேண்டி வரல. வள்ளக் கொட்டகைக்கு உள்ள, ஒரு வள்ளத்துக்கும் வலைக்கும் எடையில, கருந்தவிட்டு நெறத்துல ஒரு பத்மினி. அதுக்க மேல ஏழெட்டுப் பூனைய. சும்மா கெடக்கல, நக்குது. பானட்ட நக்குது, கதவ நக்குது, ஒரு குட்டி பம்பர நக்கிட்டே ஒறங்கிட்டு.

சூசை வெளிய வந்து பூனைய வெரட்டுனாரு. கடல்ல காலம் கழிச்ச மனுசன், சத்தம் போட்டுத்தான் பேசுவாரு, அலைக்கு மேல கேக்கணும்லா. விசயம் என்னன்னா, மரவள்ளத்துக்கு அவிய வருசா வருசம் மீனெண்ணெ பூசுவாவ, உப்பு ஏறாம இருக்கும். சவுதியில இருந்து வந்த மச்சான் இந்தக் கார இவரு தலையில கெட்டிட்டுப் போனதுல இருந்து, வள்ளத்துக்குப் பூசுத அன்னைக்கு இதுக்கும் சேத்துப் பூசிட்டு வாறாரு. மேல, கீழ, கதவுக்கு உள்ள, ஓட்டையுள்ள எடம் எல்லாம். வள்ளத்துக்கு ஆவுதது இதுக்கு ஆவாதான்னு கேட்டாரு. ஓட்டுனீங்களா அண்ணேன்னு ஜெபகனி கேட்டா. ஒரே ஒரு தடவ ஓட்டுனாராம். கடல்ல பிரேக்கு கெடையாது, அந்தப் பழக்கத்துல ஒரு தென்னைய சாச்சுட்டாரு. அன்னைக்கு நிறுத்துனது.

அவ காந்தத்த எடுத்தா. அது கை தவறி மண்ணுல விழுந்துச்சு. அந்தக் கரையில கெடக்கது இரும்பு கலந்த கருமணல்லா, எடுக்கும்போ காந்தத்துக்கு பெரிய தாடி மொளச்சிருக்கு. தொடச்சா திருப்பியும் மொளைக்குது. அத வச்சு ஒண்ணும் பாக்க முடியாதுன்னு ஆனதும், சீலைய இழுத்துச் செருவிகிட்டு காருக்கு அடியில படுத்தா. தலையில இருந்த பின்ன உருவி அடித் தகரத்துல குத்துனா. பின்னு வளைஞ்சுது. இன்னொரு எடம், அங்கயும் வளைஞ்சுது. ஒரு நட்ட வெரலால பிடிச்சுத் திருக்குனா, எண்ணெயில ஊறுனது, பாயாசத்துல கரண்டி போட்ட மாதிரி சுத்துது. தன் கையால அழிக்கணும்னு நெனச்சவளுக்கு அதுக்கு மேல என்ன வேணும்? அவ கீழ கெடந்துட்டே, இத எடுத்துக்கிடுதேன் அண்ணேன்னு சொன்னா. எந்திச்சு வரும்போ அவளையும் ஒரு பூனை நக்குச்சு.

டெம்போவுல கயிறு கெட்டி இழுத்துட்டு வந்தாவ. ஸ்டியரிங்குல இவ. மணவாளக்குறிச்சியில வண்டியில ஏறுன ஒரு பூனை திங்கள்நகர் தாண்டியும் எறங்கல. வழியில உள்ள பட்டிநாயி எல்லாம் கொலைச்சுகிட்டு பின்னால வருது. ஏதோ பெரிய ஆளு செத்து எடுத்துட்டுப் போறாவன்னு நெனச்சு, ஒரு மனுசன் தலைத்துணிய அவுத்துட்டு ஓரமா நின்னாரு.

எட்சன் மூக்கப் பொத்திட்டு புகைப்புரை வாசல்ல குறுக்க நின்னான். ஷீட்டு நாறுனா யாவாரி ஒண்ணாம் தரத்த நாலாம் தரமாக்கிருவான், இந்த நாத்தத்தோட ஒரு வீலு உள்ள வரப்பிடாதுன்னு சொன்னான். அவன் சொன்னதுல ஞாயம் இருக்கு. அதனால ஜெபகனி நாத்தத்தக் கழுவணும்னு நெனச்சா.

இங்ஙனதான் அவளுக்கு வெனை வந்துச்சு. மலையாளத்து ஆளு இதுக்கு வீடியோ போடல. மீன் நாத்தத்த எப்படி கழுவணும்னு நம்ம ஊருல ஒரு பெண்பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கணுமா? மீஞ்சட்டிய எத வச்சுத் தேப்போம்? வாளம்புளியும் கல்லுப்பும். அவளும் அதத்தான் செஞ்சா. ஒரு அண்டா நெறைய புளியக் கரைச்சா, கல்லுப்ப வாரிப் போட்டா, தேங்காச் சவுரிய எடுத்தா. கார ஜாக்கியில தூக்கி வச்சு அடியில படுத்து, கதவ அழிச்சு உள்ள கைய விட்டு, மொளவு அரைச்சு வச்ச மீஞ்சட்டியத் தேய்க்க மாதிரி தேய்ச்சா. அக்கம்பக்கத்துப் பெண்டுவ வந்து நின்னு, அந்த மூலையில கொஞ்சம் விட்டுப்போச்சுன்னு சொல்லிக் குடுத்தாவ. அந்த வட்டாரத்துல அந்த வாரம் புளிக்கறி வச்ச வீடே கெடையாது, கடையில இருந்த புளி முழுக்க காருக்குப் போச்சு. சாயந்தரம் பாத்தா அடித்தகரம் வெள்ளி மாதிரி மின்னுது. மோந்து பாத்தா ஒரு நாத்தம் இல்ல. எட்சன் வழிய விட்டான்.

அந்த ராத்திரியே மழை பிடிச்சுது. காத்துல ஈரம் பிழிஞ்சு எடுக்கலாம்போல. கொஞ்ச நாளு கழிச்சு அவ எஞ்சின அழிக்கதுக்கு ஸ்பேனரோட போயி அடியில டார்ச்சு அடிச்சா.

செவப்பு. வெள்ளி மாதிரி இருந்த தகரம் முழுக்க செவசெவன்னு துரு. உப்பும் புளியும் தேச்ச பச்சை இரும்புல இடவப்பாதி மழைக்க ஈரம் பட்டா வேற என்னத்த ஆவும்? எட்சன் குனிஞ்சு பாத்துட்டு, மீங்கொழம்பு நல்லா கூட்டி வச்சிருக்கியே, தேங்கா அரைச்சு விடலியான்னு கேட்டான்.

அவ சிரிக்கல. நெலம அவளுக்கு வெளங்கிட்டு. துரு மேலாப்புலதான் நிக்குது, ஆனா இந்த மழைக்கு இப்படியே விட்டா தகரத்தத் திங்கும். தகரம் ஓட்டை விழுந்தா வெல்டிங்கு பிடிக்கணும். வெல்டிங்கு பிடிக்கணும்னா எபிசன் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போவணும். பொறவு அவ திருப்பியும் மரத்து நெழல்ல போயி இருக்க வேண்டியதுதான்.

மறுநாளே மீனெண்ணெ வாங்க ஒரு காலிக் கன்னாசையும் எடுத்துட்டு கடலோரத்துக்குப் போனா. சூசை தொழிலுக்குப் போயிருந்தாரு. அவருக்க பெண்டாட்டி வியாகுலம்மாள் முத்தத்துல கருவாடு மழையில நனையாம வாரிட்டு இருந்தாவ. ஜெபகனி நடந்தத சொன்னா. வாரிட்டு இருந்த பெட்டிய அந்தம்மா கீழ வச்சிட்டாவ.

"புளி போட்டியா?"

"போட்டேன் மைனி."

"உப்பும்?"

"கல்லுப்பு."

வியாகுலம்மாள் சிரிச்ச சிரிப்புல கொட்டகைக்கு மேல இருந்த காக்கா எல்லாம் பறந்து போச்சு. பக்கத்து வீட்டுல இருந்து ரெண்டு பேரு வந்து என்னன்னு கேட்டாவ, அவங்ககிட்ட சொல்லி திருப்பியும் சிரிச்சாவ. "மொளவும் மஞ்சளும் எதுக்கு பிள்ளே பாக்கி விட்டா? ஒரு நேரத்துக்குக் கறியாவது ஆயிருக்குமே." சிரிச்சு முடிச்சுட்டு, கன்னாசு நெறைய எண்ணெய ஊத்திக் குடுத்தாவ. துருவ சொரண்டிட்டு சுடச்சுட பூசணும், நல்ல வெயிலு காஞ்சா அது வார்னிசு மாதிரி எறுகிரும், எறுகிட்டா நாத்தமும் அடங்கும், இவரு வருசா வருசம் ஈரத்தோட பூசிப் பூசித்தான் அது அடங்காம கெடந்துதுன்னு சொன்னாவ. காசு வாங்கல. அந்தக் கதைய தெருவுல சொல்லிச் சிரிக்கதே ஒரு வருசத்துக்குப் போரும்னாவ.

வெயிலு. ஜூன் மாசத்துல, நம்ம ஊருல, வெயிலு. சூரியனப் பாத்தே எத்தனையோ நாளாச்சு, ஆளு மாறிப் போச்சோன்னு சந்தேகம்.

ஜெபகனி துருவ சொரண்டுனா, எண்ணெயக் காய்ச்சிப் பூசுனா. ஞாயித்துக்கெழம சபைக்குப் போனா அவ இருந்த பெஞ்சுல அவ மட்டும்தான். பின் பெஞ்சுல இருந்தவிய கண்ணீரோட பாடுனாவ, போதகரு நம்ம சபைக்கு எழுப்புதல் வந்துட்டுன்னு நெனச்சாரு. எட்சன் பெண்டாட்டிக்குப் பக்கத்துல இரிக்காம கொயரோட போயி நின்னான், அவனுக்கு ஒரு சுரமும் தெரியாது. ஆனா எண்ணெ காயல. தொட்டா கையில ஒட்டுது. நாத்தமும் வெரகு மாதிரி அடுக்கி வச்சாப்புல நிக்குது. ஷீட்டு இங்க எப்படி தொங்க விடுததுன்னு எட்சன் நாளும் பொழுதும் கேக்கத் தொடங்குனான்.

ஒருநாளு அவ புகைப்புரையில நின்னு அண்ணாந்து பாத்துகிட்டு இருந்தா. மேல கரி பிடிச்ச கம்பு. கீழ தொண்டு எரிக்க குழி. வெயிலே இல்லாத காலத்துலயும் இவரு ஷீட்டக் காய வைக்காருல்லா, அது எங்ஙனன்னு யோசிச்சா. புருசனக் கூப்பிட்டா.

"இஞ்ச பாருங்க. இதப் புகைச்சா என்ன?"

அவன் அவளப் பாத்தான், காரப் பாத்தான். மீனையும் புகைச்சிருக்காவ, ஷீட்டையும் புகைச்சிருக்காவ, கார் புகைச்சத யாரும் கேள்விப்பட்டது இல்லன்னான். பொறவு, பெட்ரோல் டாங்க அழிச்சு வெளிய வை, இல்லன்னா நாம ரெண்டுபேரும் வெடிச்சு நாகர்கோயிலுல போயி விழுவோம்னு சொன்னான்.

டாங்கு, சீட்டு, டயரு, எரியக்கூடிய சாமானம் எல்லாத்தையும் அவ கழத்துனா. அதுதான் அவ மொத்தமா அழிச்ச மொத வேலை. நட்டு போல்ட்டு எல்லாம் ரப்பர் பாலு எடுக்க செரட்டையில போட்டு, எந்த எடத்துல உள்ளதோ அந்த வரிசையில செவுத்துல தொங்க விட்டா. செரட்டையில என்னத்த எழுதன்னு அவளுக்கு ஒரு குழப்பமும் இல்ல, எழுதவே இல்ல. இடது பக்கத்துல உள்ளது இடது செவுத்துல, வலது பக்கத்துல உள்ளது வலது செவுத்துல, நடுவுல நின்னா காருக்குள்ள நிக்க மாதிரி.

தீய எட்சன் பிடிச்சான். வேற யாருக்கும் அத குடுக்க மாட்டான், தொண்டு எம்புட்டு, ஈரம் எம்புட்டு, எப்பம் தீ கூடும் எப்பம் கொறையும்னு அவனுக்குத்தான் தெரியும். ஷீட்டுக்கு இருக்க மாதிரியே வாசல்ல குத்தவச்சு இருந்தான். மொத நாளு அந்தத் தெருவுல ஒரு வீட்டுலயும் சோறு எறங்கல. ரெண்டாம் நாளு, எந்த வீட்டுலடே இம்புட்டுக் கருவாடு சுடுதாவன்னு கேட்டு ஒருத்தன் கிண்ணத்தோட வந்தான். பொறவு கொஞ்சங்கொஞ்சமா மீனு போயி வெறும் பொகை வாசம் நின்னுது. வாரம் திரும்பும்போ எட்சன் உள்ள போயி நெகத்தால சொரண்டிப் பாத்தான். எறுகி, தேன் நெறத்துல, கண்ணாடி மாதிரி கெடக்கு. ஒண்ணாம் தரம்னு சொன்னான். அவன் வாயில இருந்து அந்தச் சொல்லு ஷீட்டுக்கே வருசத்துல ஒருக்கத்தான் வரும்.

எஞ்சின் வேலை அதுக்குப் பொறவு. அதுல அவ பட்ட பாட்ட எழுதுனா கன்னியாகுமரியில இருந்து காஷ்மீர் வரைக்கும் பேப்பர் போவும். சூசை அண்ணன் பாசம் மிஞ்சி பிளக்கு ஓட்டைக்குள்ளயும் எண்ணெய விட்டிருந்தாரு, அது பிசினாப் பிடிச்சு எஞ்சின் அசையல. அவ பிளக்க எல்லாம் கழத்தி மண்ணெண்ணெய ஊத்தி ஊறப் போட்டு, பின் வீலத் தூக்கி வச்சு, கியரப் போட்டு, வீலக் கையால திருக்கித் திருக்கி எஞ்சின அனக்குனா. கார்புரேட்டர மேசையில அழிச்சுப் பரத்தி வச்சுட்டு, சாயா போட்டுட்டு வந்து பாத்தா எது எங்க உள்ளதுன்னு மறந்து போச்சு, திருப்பியும் வீடியோ. ஒரு தடவ எல்லாம் பூட்டுன பொறவு கையில ஒரு வாஷர் மிச்சம் இருந்துது. முழுக்க அழிச்சு அதுக்க எடத்தக் கண்டுபிடிச்சா. எட்சன் ஒருநாளு போற போக்குல ஒரு ஸ்பேனர எடுத்தான், தூக்கி நீட்டத்தான். அவ பாத்த பார்வையில அங்கயே வச்சிட்டுப் போயிட்டான்.

ஒருநாளு சாவியப் போட்டுத் திருக்குனா. கர்ர்னு சுத்துச்சு, பொறவு ஒரு வெடி. அந்தோணியார் கோயில் திருநாளுக்கும் அப்படி வெடி போட்டதில்ல. பக்கத்து வீட்டு கோழி அன்னைக்குப் போட்ட முட்டைய அவிச்சே போட்டுச்சு. அவ பயந்து போயி இருந்துட்டு, பொறவு யோசிச்சா. வெடிக்குதுன்னா தீ வருது. தீ வருதுன்னா பெட்ரோலும் வருது. ரெண்டும் சேர வேண்டிய நேரத்துல சேரல. பிளக்குக்குப் போற ஒயர ஒவ்வொண்ணா பிடிச்சுட்டே போனா, ரெண்டு ஒயரு எடம் மாறிக் கெடந்துது. மாத்திப் போட்டுத் திருக்குனா, பிடிச்சுது. எஞ்சின் ஓடுது. உள்ள மிச்சமிருந்த மீனெண்ணெ சூட்டுல பொரிஞ்சு சைலன்சர் வழியா வருது. மதிலுக்கு அங்க இருந்து பக்கத்து வீட்டு ஷிபா, எக்கா மத்தி பொரிக்கியளான்னு கேட்டா. ஜெபகனி காருக்குள்ள இருந்துட்டே, ஆமா, நாலு சிலிண்டர்லயும்னு சொன்னா.

மழை விட்டுது. எட்சன் கத்தியத் தீட்டி வச்சான். வெட்டு தொடங்குன அன்னைக்கு, மொதப் பாலு ஷீட்டாவி வாறதுக்கு முன்ன, பத்மினி அதுக்க சொந்தக் காலுல புகைப்புரைய விட்டு வெளிய வந்துது. எட்சன் ஒரு ஓரத்துல நின்னு, ரப்பர் ஷீட்டு யாவாரி மாதிரி தலையச் சாச்சுப் பாத்தான். பேரீச்சம்பழம் போச்சேன்னு மட்டும் சொன்னான்.

அவ நேர திங்கள்நகர் ரோட்டுல எறக்குனா. ஸ்டியரிங்குக்குப் பக்கத்துல கியரு, பழைய காலத்து ஏற்பாடு, நர்சுப் பிள்ளையளுக்குக் காட்டிக் குடுத்தா அழுதுருவாவ. பாலத்துப் பக்கம் வரும்போ ரெண்டு தடவ குலுங்கி வண்டி நின்னுது.

ஆளு கூடத் தொடங்குச்சு. கூடணும்லா. அதுக்குள்ள அவ எறங்கி, பானட்டத் தொறந்து, கார்புரேட்டர் மூடிக்க நட்டுல ஸ்பேனரப் போட்டுட்டா. தலைய உள்ள விடலாம்னு வந்தவனுக்கு விடுததுக்கு எடமில்ல, அவ நடுவுல நிக்கா. அந்நேரம் பாத்து எபிசன் பைக்குல வாறான். அவன யாரும் போன் போட்டுக் கூப்பிடல, வேற எங்கயோ போறான். தொறந்த பானட்டக் கண்டா அவனுக்குக் காலு தானே நின்னுரும். எறங்கி வந்து, பழக்கத்துல, ஸ்பேனருக்குக் கைய நீட்டுனான்.

நீட்டுன கையில ஜெபகனி கழத்துன மூடிய வச்சா. "இத பிடிச்சுக்கோ மக்கா. கீழ வச்சிராத, மண்ணு ஒட்டும்."

அவன் பிடிச்சான். அவளுக்க தோளு வழியா உள்ள எட்டிப் பாத்தான். பொறவு, என்னக்கா கேடுன்னு கேட்டான்.

கேட்டது தப்பாப் போச்சு. அவ சொல்லத் தொடங்குனா. டாங்குல வருசக் கணக்கா கெடந்த அழுக்கு, அத எவ்வளவு கழுவுனாலும் ஒரு துளி வரும், அது பைப்பு வழியா வந்து இந்த ஊசிக்க வாயில உக்காந்துரும், உக்காந்தா பெட்ரோல் எறங்காது, எறங்காட்டி முன்னால ரெண்டு தடவ குலுங்கும், பொறவு நிக்கும். டிரைவிங் படிக்க வந்த பிள்ளையளுக்குச் சொல்லுத அதே மாதிரி, ஒண்ணையும் விடாம, எடையில வெளங்குச்சான்னு கேட்டுட்டு. எபிசன் தலையாட்டுனான். சுத்தி நின்னவனும் தலையாட்டுனான். அவ ஊசிய எடுத்து ஊதி, தொடச்சு, போட்டு, கைய நீட்டி மூடிய வாங்கிப் பூட்டுனா. ஏறித் திருக்குனா. பிடிச்சுது.

எபிசன் பைக்குல ஏறுனான். போற வேலைய விட்டுட்டு அவளுக்குப் பின்னாலேயே வந்தான், வழியில எங்கயாவது திருப்பியும் நிக்கும்னு. திங்கள்நகர் வரைக்கும் வந்தான். அது ஒரு எடத்துலயும் நிக்கல. பாவம், மூஞ்சி வாடிப் போச்சு.